மலிவுக் கடற்கரை விடுமுறையும் பறவை நோக்கலும்: அலிக்காண்டே பக்கம் போகிறவருக்கு ஒரு விரிவான பதில்

ஏப்ரல் நடுவில் ஒரு வாரம் லண்டனிலிருந்து ஸ்பெயினின் அலிக்காண்டே பக்கம் குடும்பத்தோடு போகிறீர்கள். மலிவு விலையில் விமானச் சீட்டு எடுத்தாயிற்று, தங்குமிடம் இன்னும் முடிவாகவில்லை, பெனிடோர்மில் அறை மலிவாகக் கிடைக்கிறது, கார் எடுக்கும் எண்ணமில்லை. பிள்ளைகளுக்குக் கடல் வேண்டும், உங்களுக்குப் பறவை வேண்டும், கையில் இருப்பது ஒரு சாதாரணப் பைனாகுலர் மட்டும். கூடுதல் செலவில்லாமல் இரண்டும் ஒத்துவருமா என்று கேட்டிருக்கிறீர்கள். நன்றாகவே ஒத்துவரும். ஆனால் எந்த ஊரில் தங்குகிறீர்கள் என்பதில்தான் பாதிக்கு மேல் முடிந்துவிடுகிறது. ஆகவே அறையை உறுதி செய்வதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

அலிக்காண்டே நகரத்தை நடுவாக வைத்துப் பார்த்தால் அந்தக் கடற்கரை இரண்டு வெவ்வேறு நிலங்களாகப் பிரிகிறது. வடக்கே பெனிடோர்ம், கால்பே பக்கம் மலைகள் கடலோரம் வரை இறங்கி வந்து செங்குத்தான பாறைகளாக முடிகின்றன. தெற்கே சாந்தா போலா, குவார்தமார், தோரேவியேகா வரை நிலம் தட்டையாக, தாழ்வாக, உப்புப் பூத்துக் கிடக்கிறது. ரோமானியர் காலத்தில் இந்தத் தென்பகுதியில் பெரிய காயல் ஒன்று இருந்தது. இன்றைய எல்சே நகரத்துக்கு அப்போது இலிசி என்று பெயர், சாந்தா போலா அதன் துறைமுகம். பின்னர் அந்தக் காயல் மெல்ல மெல்லத் தூர்ந்தது. 18ஆம் நூற்றாண்டில் கர்தினால் பெலூகா என்ற மதகுரு வாய்க்கால் வெட்டிச் சதுப்பை வடித்து, குடியானவர்களைக் குடியேற்றினார். வடிக்கப்படாமல் எஞ்சிய தாழ்நிலம்தான் இன்று சாந்தா போலா உப்பளமாகவும் எல் ஹோந்தோ நீர்த்தேக்கங்களாகவும் நிற்கிறது. சற்றுத் தெற்கே தோரேவியேகா, லா மாத்தா என்ற இரண்டு உப்பு ஏரிகள் தனியாக உள்ளன. இவை எல்லாமே இன்று பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பூங்காக்கள். மலிவான அடுக்குமாடிக் குடியிருப்புகளும் இதே தட்டை நிலத்தில்தான் கட்டப்பட்டிருக்கின்றன. பறவைச் சுற்றுலாக்காரர்கள் பெரும் பணம் கொடுத்து வந்து பார்க்கும் இடத்துக்கு, கடற்கரை விடுமுறைக்கு வந்தவர் காலையில் நடந்தே போய்விடலாம்.

ஆகவே என் பரிந்துரை சாந்தா போலா. பெனிடோர்மைவிட அமைதியான மீன்பிடி ஊர்; ஊரின் மேற்குப் பக்கத்துக் கடற்கரைகளில் ஆழம் குறைவு, சிறு பிள்ளைகளுக்கு ஏற்றது; அந்தக் கடற்கரைகள் முடியும் இடத்தில் உப்பளம் தொடங்குகிறது. விமான நிலையத்திலிருந்து ஊர் அதிகத் தூரமில்லை. ஊரின் ஓரத்தில் ஒரு பழைய உப்பு ஆலைக் கட்டடத்தை உப்பு அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். பூங்காவின் தகவல் மையமும் அங்கேதான். பின்புறத்திலிருந்தே நடைபாதை போகிறது. முதல் நாள் மாலையில் குடும்பத்தோடு அங்கே போய் வரைபடம் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

உப்பளத்தைப் பார்க்கும் முறையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பறவைகள் அங்கே கண்டபடி பரவி நிற்பதில்லை. மத்தியதரைக் கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 38 கிராம் உப்பு இருக்கிறது. அந்த நீரை ஒரு பாத்தியிலிருந்து அடுத்ததற்கு விட்டு வெயிலில் வற்ற வைத்துக்கொண்டே போகிறார்கள். அடர்த்தி சுமார் 300 கிராமை நெருங்கும்போது கடைசிப் பாத்திகளில் உப்பு விளைகிறது. முதல் பாத்திகளில் கடல் மீன்கள் உயிரோடு இருக்கும். ஆகவே சின்ன ஆலாக்கள் நீருக்கு மேல் சிறகடித்து நின்று செங்குத்தாகப் பாய்வதையும், கொக்குகளும் நாரைகளும் ஓரத்தில் காத்திருப்பதையும் அங்கே பார்க்கலாம். நடுப் பாத்திகளில் மீன் பிழைக்காது; மீன் இல்லாததால் ஆர்ட்டீமியா என்ற சிறு உப்பு இறால் கோடிக்கணக்கில் பெருகுகிறது. பூநாரை, கோணமூக்கு உள்ளான், கருங்கழுத்து முக்குளிப்பான், மெல்லலகுக் கடற்காகம் எல்லாம் கூடுவது இந்தப் பாத்திகளில்தான். உப்பு வாரும் கடைசிப் பாத்திகளில் ஏறக்குறைய ஒன்றும் இருக்காது. அவற்றின் வரப்புகளில் மட்டும் கெண்டிஷ் உப்புக்கொத்தி ஓடிக்கொண்டிருக்கும். வேதாரண்யத்து உப்பளங்களையும் கோடியக்கரையையும் பார்த்தவருக்கு இந்த அடுக்கு புதிதாக இராது. அங்கே குளிர்காலத்தில் வந்து நிற்கும் பெரும் பூநாரையும் இங்கே நிற்பதும் ஒரே இனம்தான். எந்தப் பாத்தி எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதை முதல் காலையிலேயே புரிந்துகொண்டால், அதன்பின் எதைத் தேடி எங்கே போவது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

பூநாரையைத் தொலைவில் இளஞ்சிவப்புக் கோடாகப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். கூட்டத்தில் ஒரே ஒரு பறவையைத் தேர்ந்தெடுத்துப் பத்து நிமிடம் பாருங்கள். தலையைக் கவிழ்த்து, மேலலகு கீழேயும் கீழலகு மேலேயுமாக வைத்து, நீரை உறிஞ்சி வடிகட்டிக்கொண்டே இருக்கும். சில வேளை ஓரிடத்தில் நின்று கால்களால் சேற்றை மிதித்தபடி மெல்ல வட்டமாகச் சுற்றும்; சேற்றில் புதைந்த இரை மேலே கிளம்புவதற்காகச் செய்வது இது. நீர் வற்றியபின் அந்த இடங்களில் வட்டமான பள்ளங்கள் தெரியும். பூநாரையின் நிறம் உப்பு இறாலிலிருந்தும் பாசியிலிருந்தும் வரும் கரோட்டினாய்டு என்னும் நிறமிகளின் நிறம்; சாம்பல் நிறத்தில் நிற்பவை நோயுற்றவை அல்ல, இளம் பறவைகள்.

பிள்ளைகளை இதில் இழுப்பதற்கு ஒரு நல்ல வழி உண்டு. மத்தியதரைக் கடலைச் சுற்றியுள்ள பூநாரைக் குடியிருப்புகளில் குஞ்சுகளின் காலில் பிளாஸ்டிக் வளையம் மாட்டுகிறார்கள். பிரான்ஸின் காமார்க் சதுப்பில் 1977 முதலும், ஸ்பெயினின் ஃபுவென்தே தே பியேத்ரா ஏரியில் 1986 முதலும் இது நடக்கிறது. வளையத்தில் எழுத்தும் எண்ணும் கலந்த குறி இருக்கும்; கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். பத்து வயதுப் பிள்ளைக்கு இது வேட்டை போன்றது. குறியைப் படித்து, நாள், இடம், வளையத்தின் நிறம் ஆகியவற்றுடன் வளையமிடும் திட்டத்துக்கு அனுப்பினால், அந்தப் பறவை எந்த ஆண்டு எங்கே பிறந்தது, இடையில் எங்கெல்லாம் பார்க்கப்பட்டது என்ற விவரம் திரும்பி வரும். சாதாரணப் பைனாகுலரில் அருகில் நிற்கும் பறவைகளின் வளையத்தை மட்டுமே படிக்க முடியும், அதுவே போதும்.

உப்பளத்தை ஊடறுத்து என்-332 என்ற நெடுஞ்சாலை போகிறது. நடுவே நீருக்குள் நிற்கும் தாமரித் கோபுரம் 16ஆம் நூற்றாண்டில் கடற்கொள்ளையரைக் கண்காணிக்கக் கட்டியது. அதைச் சுற்றியுள்ள நீரில் எப்போதும் ஏதாவது நிற்கும். அந்தச் சாலையில் வண்டிகள் மிக வேகமாகப் போகும். நிறுத்துவதற்கென்று ஒதுக்கிய இடத்தைத் தவிர வேறெங்கும் நிற்கவோ, பிள்ளைகளோடு ஓரமாக நடக்கவோ கூடாது. இதை அழுத்திச் சொல்கிறேன்.

நேரத்தைப் பொறுத்தவரை ஸ்பெயின் உங்களுக்குச் சாதகமான நாடு. அலிக்காண்டே ஏறக்குறைய கிரீன்விச் தீர்க்கரேகையிலேயே இருந்தும், கடிகாரம் மத்திய ஐரோப்பிய நேரத்தில் ஓடுகிறது. அதனால் ஏப்ரல் நடுவில் சூரியன் உதிக்க ஏறக்குறைய ஏழரை மணி ஆகிவிடும். இங்கிலாந்தில் வசந்த காலப் பறவை பார்க்க இருட்டில் எழுந்து பழகியவருக்கு இது பெரிய சலுகை. ஏழு மணிக்குக் கிளம்பி ஒன்பதரைக்குத் திரும்பினால், வீட்டார் காலை உணவை முடித்துக் கடற்கரைக்குப் புறப்படும்போது நீங்களும் அவர்களோடு இருப்பீர்கள். நண்பகலில் பாத்திகளின் மேல் கானல் எழுந்து, தொலைவில் உள்ள எதுவும் தெளிவாகத் தெரியாது; அந்த நேரத்தைக் கடலுக்குக் கொடுத்துவிடலாம். மாலையில் மீண்டும் ஒரு மணி நேரம் கிடைக்கும்.

ஒவ்வொரு காலையும் புது இடம் தேடி ஓட வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். ஏப்ரல் நடு என்பது வலசையின் உச்சம். ஆப்பிரிக்காவிலிருந்து வரும் பறவைகள் இரவில் வந்து இறங்குகின்றன. நேற்று வெறுமையாக இருந்த புதரில் இன்று கதிர்க்குருவிகள் நிறைந்திருக்கும். நேற்று இல்லாத ஐரோப்பியப் பஞ்சுருட்டான்களின் குரல் இன்று தலைக்கு மேல் கேட்கும். ஒரே நடைபாதையில் மூன்று நான்கு காலைகள் போனால்தான் இந்த மாற்றம் கண்ணில் படும். அங்கேயே தங்குவதால் உங்களுக்குக் கிடைக்கும் இந்த வசதி, ஒரு நாளில் ஐந்து இடம் காட்டும் வழிகாட்டிச் சுற்றுலாவில் கிடைக்காது.

மாற்றத்துக்காக ஒரு நாள் பேருந்தில் லா மாத்தாவுக்குப் போகலாம். ஒரு பக்கம் கடற்கரை, மறுபக்கம் ஏரி, நடுவில் ஊர்; குடும்பம் கடலில் இருக்கும்போது நீங்கள் ஏரிக்கரைப் பாதையில் நடந்து வரலாம். அங்கே பார்வைக் குடில்கள் இருக்கின்றன. ஏரியில் கருங்கழுத்து முக்குளிப்பான்கள் கூட்டமாக மிதக்கும், ஓரத்துத் திராட்சைத் தோட்டங்களில் கண்கிலேடி பகலெல்லாம் அசையாமல் நின்றிருக்கும். பக்கத்துத் தோரேவியேகா ஏரி உப்பை விரும்பும் நுண்ணுயிரிகளால் இளஞ்சிவப்பாக இருப்பதால் படம் எடுப்பவர் கூட்டம் அங்கே அதிகம். பறவை நோக்குபவருக்கு லா மாத்தாவே மேல். இளஞ்சிவப்பு ஏரியில் குளிப்பது தடை செய்யப்பட்டது; சமூக வலைத்தளப் படங்களைப் பார்த்துவிட்டு யாரும் இறங்க வேண்டாம்.

கார் வேண்டாம் என்றீர்கள். ஒரே ஒரு நாளுக்கு மட்டும் அந்த முடிவைத் தளர்த்த முடிந்தால், அந்த நாளை எல் ஹோந்தோவுக்குக் கொடுங்கள். பொதுப் போக்குவரத்து அங்கே வசதியாக இல்லை. செகூரா ஆற்றின் மிகுநீரைப் பாசனத்துக்குத் தேக்குவதற்காக 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய இரண்டு பெரிய நீர்த்தேக்கங்களைச் சுற்றி நாணல் காடாக வளர்ந்திருக்கும் இடம் அது. நன்னீரும் உவர்நீரும் கலந்திருப்பதால் உப்பளத்தில் இல்லாத பறவைகள் இங்கே இருக்கின்றன: செந்நாரை, நீலத் தாழைக்கோழி, அன்றில், மீசை ஆலா. தகவல் மையம் சான் ஃபெலிப்பே நேரி என்ற சிற்றூருக்கு அருகில் இருக்கிறது. அந்த ஊரே கர்தினால் பெலூகா சதுப்பை வடித்துக் குடியேற்றிய ஊர்களில் ஒன்று. மையத்தைச் சுற்றியுள்ள மரப்பாலப் பாதை எல்லோருக்கும் இலவசம். நீர்த்தேக்கங்களின் உட்பகுதிக்குப் போக முன்பதிவு செய்ய வேண்டும், அதை ஊரிலிருந்து கிளம்பும் முன்பே செய்துவிடுங்கள்.

எல் ஹோந்தோவில் நீங்கள் பார்க்க வேண்டிய பறவை வெண்தலை வாத்து. குட்டையான உடல், விறைத்து மேலே நிற்கும் வால், வெள்ளைத் தலை. வசந்த காலத்தில் ஆணின் அலகு வானநீலமாகி, அடிப்பகுதியில் புடைத்து நிற்கும். 1977இல் ஸ்பெயின் முழுவதும் எண்ணியபோது 22 பறவைகள் மட்டுமே இருந்தன. அவையும் தென்ஸ்பெயினின் கோர்தோபா மாகாணத்தில். வேட்டையைத் தடை செய்து, அங்குள்ள ஏரிகளைப் பாதுகாத்ததால் இனம் மீண்டது. அங்கிருந்து பரவியதில் எல் ஹோந்தோவும் அதன் முக்கிய இடங்களில் ஒன்றாகியது. பிறகு இன்னொரு ஆபத்து வந்தது: வட அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து இங்கிலாந்தில் வளர்த்த செம்பழுப்பு வாத்துகள் தப்பிப் பெருகி, ஸ்பெயின் வரை வந்து இதனோடு கலப்பினம் உண்டாக்கத் தொடங்கின. இங்கிலாந்து தன் நாட்டிலிருந்த அந்த வாத்துகளை ஏறக்குறைய முற்றாக அகற்றியது இந்த ஸ்பானியப் பறவையைக் காப்பாற்றத்தான். லண்டனிலிருந்து வரும் உங்களுக்கு இது வெளிநாட்டுக் கதை அல்ல. இதே நீர்நிலையில் மார்பிள்ட் டக் என்னும் மங்கலான புள்ளிகள் கொண்ட சிறிய வாத்தும் இருக்கிறது; ஐரோப்பாவின் மிக அரிய வாத்துகளில் அது ஒன்று, நாணல் ஓரத்தில் ஒதுங்கியே இருக்கும், பொறுமையாகத் தேட வேண்டும். கொசு மிகுதி, நீளக் கை சட்டை போட்டுக்கொள்ளுங்கள்.

விலைக்காகப் பெனிடோர்மைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றாலும் மனம் தளர வேண்டாம். பறவைகளின் வகை மாறும், அவ்வளவுதான். பெனிடோர்முக்கும் பக்கத்து ஊரான அல்பீருக்கும் நடுவே சேரா ஜெலாதா என்ற மலை கடலுக்குள் சரிகிறது. அல்பீர் கலங்கரை விளக்கத்துக்குப் போகும் பாதை தார் போட்டது, தள்ளுவண்டியோடுகூடப் போகலாம். பாறைகளில் நீலப் பூங்குருவி பாடும், புதர்களில் சார்டீனியக் கதிர்க்குருவி கரகரக்கும், தலைக்கு மேல் வெளிர் உழவாரன்கள் பறக்கும், செங்குத்துப் பாறையில் பொரி வல்லூறு அமர்ந்திருக்கும். பெனிடோர்மிலிருந்து தேனியா போகும் டிராம் தடத்தில் கால்பேயில் இறங்கலாம். நிலையம் ஊருக்கு மேலே இருப்பதால் கீழே நீண்ட நடை உண்டு. 332 மீட்டர் உயரத்தில் கடலிலிருந்து எழும் இஃபாக் பாறையும், அதன் காலடியில் உயரமான விடுதிகளுக்கு நடுவே கிடக்கும் பழைய உப்பு ஏரியும் அங்கே இருக்கின்றன. பூநாரைகள் அடுக்குமாடிகளின் நிழல் விழும் நீரில் மேய்வதை நடைபாதையில் நின்றே, எந்தக் கருவியும் இல்லாமல் பார்க்கலாம்.

குளிக்கும் கடற்கரையையும் பறவை இடமாகவே எண்ணுங்கள். காலையில் ஆள் வருவதற்கு முன் ஈர மணலில் நிற்கும் கடற்காகங்களில், பவளச் சிவப்பு அலகின் நுனிக்கருகே கரும்பட்டையும் கறுத்த கண்ணும் உள்ளது ஆடுயின் கடற்காகம். பெரும்பாலும் மத்தியதரைக் கடற்பகுதியில் கூடு கட்டும் இந்தப் பறவை ஒரு காலத்தில் உலகின் அரிய கடற்காகங்களில் ஒன்று. 1981இல் வடக்கே எப்ரோ கழிமுகத்தில் குடியேறியபின்தான் பெருகியது, இப்போது மீண்டும் குறைந்து வருகிறது. மஞ்சள் அலகோடு உருவில் பெரியதாக, உங்கள் ரொட்டியைப் பறிக்க வருவது மஞ்சட்கால் கடற்காகம். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். கிழக்கிலிருந்து பலத்த காற்று அடித்துக் கடலில் இறங்க முடியாத நாளை வீணான நாளாக நினைக்காதீர்கள். சாந்தா போலா முனையின் கலங்கரை விளக்கத்துக்குப் போய்க் கடலைப் பாருங்கள், அலைகளை ஒட்டி விறைத்த சிறகோடு ஷியர்வாட்டர் என்னும் கடற்பறவைகள் போகும். பலேயாரித் தீவுகளில் மட்டுமே கூடு கட்டும் பலேயாரிக் ஷியர்வாட்டர், ஐரோப்பாவின் கடற்பறவைகளில் மிகவும் அழிவின் விளிம்பில் இருப்பது, அவற்றுள் இருக்கலாம்.

கடற்கரையில் ஒரு கட்டுப்பாடு அவசியம். உங்கள் விடுமுறைக் காலத்தில்தான் கெண்டிஷ் உப்புக்கொத்தி முட்டையிடுகிறது; சில வாரம் கழித்துச் சின்ன ஆலாவும் முட்டையிடும். கூடு என்று எதுவும் இல்லை, காய்ந்த மணலில் ஒரு சிறு குழி. முட்டை மணல் நிறத்தில் இருப்பதால் மிதிக்கும் வரை தெரியாது. உப்புக்கொத்தி இறக்கை ஒடிந்ததுபோல் இழுத்துக்கொண்டு உங்கள் முன்னால் ஓடினால், அது முட்டையையோ குஞ்சையோ விட்டு உங்களைத் திசை திருப்புகிறது. படம் எடுக்க நிற்காமல், வந்த வழியே ஈர மணலுக்குத் திரும்பிவிடுங்கள். வெயிலில் தாய் எழுந்து போன சில நிமிடங்களில் முட்டை சூடேறிக் கெட்டுவிடும். கயிறு கட்டி மறித்த மணல்மேட்டுக்குள் பிள்ளைகளை விட வேண்டாம். நாணல் ஓரத்தில் கைபேசியில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு அழைப்பதும் வேண்டாம். இனப்பெருக்கக் காலத்தில் அது பறவையின் நேரத்தையும் வலுவையும் வீணாக்குகிறது.

கருவிக்காக எதுவும் புதிதாக வாங்கத் தேவையில்லை. 8x32 அல்லது 8x42 பைனாகுலர் இருந்தால் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளலாம், பெட்டிக்குத் தனிக் கட்டணம் கட்ட வேண்டியதில்லை. முக்காலியில் பொருத்திப் பார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப் உப்பளத்தில் உதவும் என்பது உண்மைதான், ஆனால் அதற்கான முக்காலியின் எடை மலிவு விமானத்துக்கு ஒத்துவராது. பறவைகளை அடையாளம் காட்டும் மெர்லின் செயலியில் ஸ்பெயினுக்கான தொகுப்பை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலும் வேலை செய்யும், அதற்கும் காசில்லை.

பின்னொரு முறை போவதானால், ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்தையும் ஆகஸ்டையும் தவிருங்கள். விலையும் கூட்டமும் ஒருசேர ஏறும் காலம் அவை. குளிர்காலம் மிக மலிவு, கடலில் இறங்க முடியாது, ஆனால் வாத்துகளும் கழுகுகளும் அப்போதுதான். எஸ்தோனியாவில் 2008இல் செயற்கைக்கோள் கருவி பொருத்தி அனுப்பிய புள்ளிக் கழுகு ஒன்று ஆண்டுதோறும் எல் ஹோந்தோவுக்கே வந்து குளிர்காலத்தைக் கழித்தது.

திரும்பும் நாளில் விமானம் மாலையில் என்றால், விமான நிலையத்துக்குத் தெற்கே சில கிலோமீட்டரில் அரேனாலேஸ் தெல் சோல் கடற்கரையை ஒட்டி இருக்கும் குளோத் தே கல்பானி குட்டைகளில் இரண்டு மணி நேரம் செலவிடலாம். நுழைவு இலவசம், பார்வைக் குடில்கள் நல்லவை, குட்டைகள் சிறியவை என்பதால் ஸ்கோப் இல்லாத குறை தெரியாது. எல் ஹோந்தோவுக்குப் போக முடியாமல் போயிருந்தால் வெண்தலை வாத்தைத் தேட உங்களுக்கு மிஞ்சியிருக்கும் நல்ல வாய்ப்பும் இதுவே. பெட்டிகளோடு நடக்க முடியாது. அவற்றை விடுதியில் விட்டுவிட்டுக் காலையிலேயே போய் வந்து, பிறகு விமான நிலையத்துக்குக் கிளம்புங்கள்.